மறு: பிரீமில்லினியலிசம், போஸ்ட்மில்லினியலிசம் – தமிழில் என்ன சொல்லலாம்?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

கிறிஸ்து ஆயிரம் ஆண்டு ஆள்வார் என்று வேதாகமத்தின் கடைசி நூலான வெளிப்படுத்தின விசேஷம் சொல்கிறது. அந்த ஆட்சி பற்றிய மூன்று கொள்கைகளான பிரீமில்லினியலிசம், போஸ்ட்மில்லினியலிசம், அமில்லினியலிசம் ஆகியவற்றைத் தமிழில் என்ன சொல்லலாம் என்று, திருச்சபை வரலாற்றுக்குச் சொல்லடைவு தொகுத்துவரும் அம்மா கேட்டிருந்தார். அதற்கு வந்த மறுமொழிகளையெல்லாம் படித்தேன். அவற்றுள் ஒன்று:

> முன்-ஆயிரமாண்டியம், பின்-ஆயிரமாண்டியம், ஆயிரமாண்டின்மை. இதற்குமேல் யோசிக்க என்ன இருக்கிறது?

இருக்கிறது ஐயா. "முன்" என்றால் எதற்கு முன் எது? கிறிஸ்து முதலில் திரும்பி வருவார், அதன்பிறகே ஆயிரமாண்டு ஆட்சி தொடங்கும் என்பது பிரீமில்லினியலிசம். ஆயிரமாண்டு ஆட்சி முதலில் இம்மண்ணில் மலரும், அதன் முடிவில் அவர் வருவார் என்பது போஸ்ட்மில்லினியலிசம். ஆங்கிலத்தில் அந்த முன்னொட்டு வருகையைப் பற்றியது. ஆனால் வருகை என்ற சொல்லே அங்கே இல்லை. அதை அப்படியே தமிழில் கொண்டுவந்தால் என்ன ஆகிறது? நேற்றிரவு ஒரு தாளில் "முன்-ஆயிரமாண்டியம்" என்று எழுதி, முதுகலை வரலாறு படிக்கும் என் மகளிடம் கொடுத்தேன். "ஆயிரமாண்டு முன்னால் வரும் என்று நம்புகிறவர்கள்" என்றாள். பொருள் தலைகீழ். அவள் மீது குற்றமில்லை, சொல் அப்படித்தான் சொல்கிறது.

இது ஏதோ இறையியலாளர்களின் நுணுக்கம், மாறிப் போனால் என்ன என்று விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. எது முதலில் என்ற இந்த ஒரு கேள்விக்குச் சொன்ன பதிலைப் பொறுத்து அமெரிக்காவில் மனிதர்கள் அடிமை முறையை எதிர்த்துத் தெருவில் நின்றிருக்கிறார்கள். அரசியலே வேண்டாம் என்று ஒதுங்கியும் இருக்கிறார்கள்.

போஸ்ட்மில்லினியலிசத்தை நம்பிய அமெரிக்கப் பிரசங்கியார் சார்லஸ் ஃபின்னியை எடுத்துக்கொள்ளுங்கள். 1830களின் தொடக்கத்தில் நியூயார்க்கில் அவர் பிரசங்கித்த சாட்டம் தெரு ஆலயம், அதற்குமுன் நாடகக் கொட்டகையாக இருந்த கட்டடம். டாப்பன் சகோதரர்கள் என்ற வணிகர்கள் பணம் போட்டு அதை ஆலயமாக்கினார்கள். திருச்சபை தன் கடமையைச் செய்தால் இந்த நாட்டில் மூன்றே ஆண்டுகளில் ஆயிரமாண்டு வந்துவிடலாம் என்று ஃபின்னி 1835இல் சொன்னார். மூன்றே ஆண்டுகள்! அவர் உவமைக்காகச் சொல்லவில்லை. கர்த்தருடைய ஆட்சி மனிதர் கைகளின் வழியாக வரவேண்டும் என்று நம்பியவருக்கு, அதற்குத் தடையாக நிற்கும் பாவங்களை விட்டுவைக்க முடியாது. அடிமைகளை வைத்திருப்போருக்கு அவர் திருவிருந்து கொடுக்க மறுத்தார். அதே டாப்பன்கள் 1833 டிசம்பரில் பிலடெல்பியாவில் உருவான அமெரிக்க அடிமை எதிர்ப்புச் சங்கத்தின் தூண்களாக நின்றார்கள். மறு ஆண்டு ஜூலையில், அடிமை ஒழிப்பை வெறுத்த கலகக் கும்பல் ஃபின்னியின் ஆலயத்துக்குள் புகுந்தது. லூயிஸ் டாப்பன் வீட்டு மேசை நாற்காலிகளைத் தெருவில் போட்டுக் கொளுத்தியது. ஃபின்னி பேராசிரியராகப் போன ஓபர்லின் கல்லூரி 1835இல் கறுப்பின மாணவர்களுக்குக் கதவு திறந்தது. ஃபின்னியின் ஆலயத்தில் கறுப்பர்கள் தனியாகத்தான் உட்கார வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். நம்பிக்கை அவரை அத்தனை தூரம் அழைத்துப் போயிற்று. அதற்கு மேல் அவர் போகவில்லை.

பிறகு உள்நாட்டுப் போர் வந்தது. ஆறு லட்சத்துக்கு மேற்பட்டோர் மடிந்தார்கள். நாளுக்கு நாள் உலகம் நல்லதாகிக்கொண்டே போய்க் கடவுளின் ஆட்சியாகக் கனியும் என்று சொல்வது, பிள்ளையைப் புதைத்த வீட்டில் எளிதல்ல. அந்த நேரத்தில்தான் பிரிட்டனிலிருந்து ஜான் நெல்சன் டார்பி என்ற போதகர் 1862 முதல் பலமுறை வட அமெரிக்காவுக்கு வந்து, உலகம் கெட்டுக்கொண்டே போகும், கிறிஸ்து வந்துதான் சரிசெய்வார் என்ற போதனையைப் பரப்பினார். இதுதான் பிரீமில்லினியலிசம். அதை ஏற்றுக்கொண்டவர்களுள் பெரிய பெயர் அமெரிக்கப் பிரசங்கியார் டுவைட் மூடி. இந்த உலகம் உடைந்துபோன கப்பல், கடவுள் என் கையில் ஓர் உயிர்காப்புப் படகைக் கொடுத்து முடிந்தவரை ஆட்களைக் காப்பாற்று என்றிருக்கிறார் என்பது அவர் பேச்சு. உடைந்த கப்பலுக்கு யாரும் வண்ணம் பூசமாட்டார்கள். 1909இல் வந்த ஸ்கோஃபீல்டு விளக்கக் குறிப்பு வேதாகமம் இந்தக் கொள்கையை வீட்டுக்கு வீடு கொண்டுபோயிற்று.

இங்கே கொள்கை அரசியலை வளைத்தது போலவே அரசியல் அனுபவமும் கொள்கையை வளைத்திருக்கிறது. பிரீமில்லினியலிசத்தை நம்பிய அமெரிக்கப் போதகர் ஜெர்ரி ஃபால்வெல் 1965 மார்ச்சில், அலபாமா மாநிலத்துச் செல்மாவிலிருந்து கறுப்பின மக்களின் குடிமை உரிமைப் பேரணி புறப்பட்ட அதே நாளில், போதகர்கள் அரசியல்வாதிகளாக அல்ல, ஆத்தும ஆதாயம் செய்யவே, அதாவது மக்களைக் கிறிஸ்துவிடம் சேர்க்கவே அழைக்கப்பட்டிருக்கிறார்கள் என்று பிரசங்கித்தார். 1979இல் அவரே மாரல் மெஜாரிட்டி என்ற அரசியல் அமைப்பைத் தொடங்கினார். வருகை பற்றிய அவருடைய கொள்கை அப்படியேதான் இருந்தது. அதனால் சொல்லடைவில் இந்தச் சொற்களுக்கு விளக்கம் எழுதும்போது "அரசியலில் ஈடுபடாதோர்" என்று ஒரு வரியில் முடித்துவிட வேண்டாம் என்று அம்மாவைக் கேட்டுக்கொள்கிறேன்.

இனி சொல்லுக்கு வருகிறேன். சென்ற வாரம் நான் "முந்துவருகை, பிந்துவருகை" என்று எழுதியிருந்தேன். முந்துவருகை என்றால் பெத்லகேமில் பிறந்த முதலாம் வருகை என்று தோன்றும் என யாழ்ப்பாணத்து நண்பர் சுட்டிக்காட்டினார். அவர் சொல்வது சரி, அதை விட்டுவிடுகிறேன். எது முந்துகிறதோ அதையே பெயரில் வைத்துவிட்டால் குழப்பம் தீரும். என் முன்மொழிவு:

பிரீமில்லினியலிசம்: வருகைமுந்து கொள்கை.
போஸ்ட்மில்லினியலிசம்: ஆட்சிமுந்து கொள்கை.

நெல் விளை நிலம் என்பது போலத்தான் இதுவும். வினைத்தொகையாதலால் இடையில் ஒற்று மிகாது. மெய்ப்புத் திருத்துவோர் "முந்துக் கொள்கை" ஆக்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது சொல்லான அமில்லினியலிசத்துக்கு "ஆயிரமாண்டின்மை" வேண்டவே வேண்டாம். அந்தக் கொள்கையினர் ஆயிரமாண்டை மறுக்கிறவர்கள் அல்லர். புனித அகுஸ்தீனார் 'கடவுளின் நகரம்' நூலின் 20ஆம் பகுதியில் சொன்னது, அந்த ஆயிரமாண்டு திருச்சபையின் காலமாக இப்போதே நடந்துகொண்டிருக்கிறது என்பது. எனவே நிகழாட்சிக் கொள்கை. ஆயிரமாண்டு இல்லை என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லே இந்த இடத்தில் தவறான பெயர். அந்தத் தவறை நாம் ஏன் சுமக்கவேண்டும்?

"ஆட்சி" என்ற சொல்லைப் பற்றி ஒருவர் கேட்டிருந்தார். பழைய மொழிபெயர்ப்பு தேவனுடைய ராஜ்யம் என்கிறது, 1995இன் திருவிவிலியம் இறையாட்சி என்கிறது. ஊரில் பாட்டிமார் ஜெபத்தில் சொல்வது "ஆயிர வருஷ அரசாட்சி". ஆட்சி என்றால் இந்த மூன்று தரப்பாருக்கும் காது பழகியது. வெளிப்படுத்தின விசேஷம் 20ஆம் அதிகாரத்தில் ஆயிரம் என்ற எண் 6 முறை வருகிறது. ஆனாலும் மக்கள் நெஞ்சில் பிடித்துவைத்திருந்தது எண்ணை அல்ல, யார் ஆளப்போகிறார் என்பதைத்தான். வருகை என்பதிலும் சிக்கலில்லை: இரண்டாம் வருகை என்று சீர்திருத்தச் சபைகளிலும், திருவருகைக் காலம் என்று கத்தோலிக்கரிடமும் வழங்குவதே.

இது நமக்குப் புதிய பேச்சும் அல்ல. டார்பி சார்ந்திருந்த 'சகோதரர்' (பிரதரன்) சபை இயக்கத்தைத் தொடங்கியவர்களுள் ஒருவரான அந்தோணி நாரிஸ் குரோவ்ஸ் 1830களிலேயே இந்தியாவுக்கு வந்தார்; அவரிடம் பயின்ற அருளப்பன் திருநெல்வேலிச் சீமையில் ஊழியம் செய்தார். தமிழில் இந்தப் பேச்சுக்கு அத்தனை வயது உண்டு.

இரண்டு வாக்கியங்களில் வைத்துப் பார்த்தேன்:

"1830களில் ஆட்சிமுந்து கொள்கையினர் பலர் அடிமை ஒழிப்பில் முன்நின்றனர்."
"உள்நாட்டுப் போருக்குப் பின் வருகைமுந்து கொள்கை வேகமாகப் பரவியது."

மகளிடம் மறுபடி தாளைக் கொடுத்தேன். இந்த முறை இரண்டையும் சரியாகச் சொன்னாள். நிகழாட்சிக்கு மட்டும் "தற்போதைய அரசாங்கமா?" என்று கேட்டாள். அதற்கு இன்னும் நல்ல சொல் யாருக்காவது தோன்றினால் சனிக்கிழமைக்குள் எழுதுங்கள். அம்மா அன்று அந்தப் பகுதியை முடிக்கிறார்.

அன்புடன்.