மணி நேரத்தைக் குறைத்தேன், அது தவறு

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வர்த் பக்கம் நானும் என் கணவரும் சின்ன டேக்அவே கடை வைத்திருக்கிறோம். கறி, சமோசா, பனி சாவ் (ரொட்டியைக் குடைந்து அதற்குள் கறி ஊற்றித் தருவது). வேலைக்கு நாலு பேர்.

2019 ஜனவரியில் நாடு முழுவதற்கும் குறைந்தபட்சக் கூலி வந்தபோது மணிக்கு 20 ரேண்ட். அப்போது எங்களுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. 2023 மார்ச்சில் 23.19 என்பது 25.42 ஆனபோதுதான் இடித்தது. வாரம் 45 மணி நேரம், நாலு பேர்: வாரத்துக்குச் சுமார் 400 ரேண்ட் கூடுதல். மின்வெட்டு உச்சத்தில் இருந்த வருஷம் அது, ஜெனரேட்டர் டீசலுக்கே பணம் கரைந்துகொண்டிருந்தது. வியாபாரம் மந்தமான திங்களும் செவ்வாயும் மூன்று மணி நேரம் வந்தால் போதும் என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். மத்தியானச் சாப்பாட்டைக் கூலியில் கழிக்கலாம் என்றும் நினைத்தேன்.

பனி சாவுக்கு ரொட்டி குடையும் அம்மா உம்லாசி என்ற குடியிருப்பிலிருந்து வருகிறவர். அன்று சாயந்திரம் கல்லா பக்கம் வந்து நின்றார். கோபமாகப் பேசவில்லை. போக இரண்டு டாக்சி (இங்கே அது பலர் சேர்ந்து போகும் வேன்), வர இரண்டு டாக்சி, மூன்று மணி நேரமானாலும் டாக்சிக்காரன் குறைத்து வாங்குவதில்லையே என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

கணக்கு எழுதித் தருபவரிடம் கேட்டபோதுதான் சட்டமே தெரிந்தது. ஒரு நாளில் நாலு மணி நேரத்துக்குக் குறைவாக வேலை செய்தாலும் நாலு மணி நேரக் கூலி தர வேண்டும். சாப்பாடு, பயணப்படி எதுவும் குறைந்தபட்சக் கூலிக் கணக்கில் சேராது. கூலி உயர்வைக் காரணமாக வைத்து நாமாக நேரத்தை மாற்றுவதும் சட்டப்படி தவறுதான். மூன்றிலும் நான் நினைத்தது தவறு. விட்டுப்போன பணத்தை அந்த வாரமே கொடுத்தோம்.

அப்புறம் நாலு பேரோடும் உட்கார்ந்து பேசினோம். வழி சொன்னது அந்த அம்மாதான்: திங்கள் கடையைப் பூட்டுங்கள், மற்ற ஐந்து வேலை நாளும் ஒன்பது மணி நேரம் செய்கிறோம். அதே 45 மணி நேரம், அதே கூலி. அவர்களுக்கு ஒரு நாள் டாக்சிச் செலவு மிச்சம், எங்களுக்கு ஒரு நாள் டீசல் மிச்சம். மீதிச் செலவைக் கால் ரொட்டி பனி சாவ் விலையில் ஏற்றினோம். வாடிக்கைக்காரர்கள் முணுமுணுத்தார்கள், ஆனால் வருகிறார்கள்.

உண்மையிலேயே முடியாத கடைக்காரர்கள் விலக்கு கேட்கலாம். குறைந்தபட்சக் கூலியின் 90 சதவீதத்துக்குக் கீழே போக முடியாது, ஒரு வருஷத்துக்கு மேல் கிடைக்காது. அதற்கும் முதலில் ஆட்களிடம் பேசியாக வேண்டும். 2025 மார்ச்சில் 28.79 ஆனபோது எங்களுக்கு அது தேவைப்படவில்லை. நாலு பேரும் இன்னும் எங்களோடுதான் இருக்கிறார்கள்.