புதுப்பிப்பு: அந்தத் த்ரில்லரை முடித்துவிட்டேன்

அடிக்கும் கணவனிடமிருந்து தப்பிக்கும் பெண்ணைப் பற்றிய த்ரில்லர், நந்தனம் புத்தகக் கண்காட்சியில் வாங்கியது, முதல் 100 பக்கம் பிரமாதம் என்று போன வாரம் எழுதியிருந்தேன். முடித்துவிட்டேன். ரொம்ப ஏமாற்றம்.

அவள் வாசலைத் தாண்டியதும் கதை வெறும் துரத்தலாகிவிடுகிறது. கணவன் விபத்தில் சாக, எல்லாம் தீர்ந்துவிடுகிறதாம். வெளியேறும் நேரத்தில்தானே ஆபத்து கூடுகிறது? குழந்தையின் பள்ளி, கையில் காசு, “அனுசரிச்சுப் போம்மா” என்னும் சொந்தங்கள், இதெல்லாம் எங்கே? சென்னையில் நடக்கும் கதை, 181 என்ற உதவி எண்ணைக்கூட யாரும் சொல்வதில்லை. 2005 குடும்ப வன்முறைச் சட்டப்படி அவள் அதே வீட்டில் குடியிருக்க உரிமை உண்டு, பாதுகாப்பு ஆணையும் கேட்கலாம். எழுத்தாளருக்கு அதில் அக்கறையே இல்லை.

வாங்கலாமா என்று கேட்டவர்களுக்கு: வேண்டாம். ஆனால் சான்றிதழ்களை அரிசி டப்பாவுக்குள் ஒளித்து வைக்கிறாளே, அந்த அத்தியாயம் மட்டும் மனதை விட்டுப் போகவில்லை.