பார் தேர்வுக்கு விண்ணப்பம் போகவே மாட்டேங்குது, அவசர உதவி

நாங்குநேரிக்காரன்:
வணக்கம். வக்கீல் தொழில் செய்ய எழுத வேண்டிய அகில இந்திய பார் தேர்வுக்கு விண்ணப்பம் போடுகிறேன். என்ரோல்மென்ட் நம்பர் கேட்கிற கட்டத்தோடு நின்றுவிடுகிறது. காலியாக விட்டால் சிவப்பு எழுத்து வருகிறது. கடைசித் தேதி நெருங்கிவிட்டது, சீக்கிரம் யாராவது சொல்லுங்கள்.

தாழையூத்து:
போட்டோ, கையெழுத்து சைஸ் சரிபாருங்கள். பெரிதாக இருந்தால் எல்லாமே மக்கர் பண்ணும். செல்போனில் போடாமல் கம்ப்யூட்டர் சென்டருக்குப் போங்கள்.

பாளை ஜூனியர்:
அண்ணாச்சி, எந்த வருஷம் முடித்தீர்கள்? வக்கீல்களைப் பதிவு செய்கிற பார் கவுன்சிலில் பதிவு செய்தாகிவிட்டதா? அதைச் சொல்லாமல் எப்படிப் பதில் சொல்வது?

கடையம் சாரல்:
டிகிரி தபால் வழியா? அதுதான் பிரச்சினையாக இருக்கும். எனக்குத் தெரிந்த ஒருவரை அதனால்தான் திருப்பி அனுப்பினார்கள்.

முன்சீப் கோர்ட் வாசல்:
வழக்கறிஞர் சட்டம் 1961, 24ஆம் பிரிவு. எல்.எல்.பி. முடித்தவர் அதைப் புரட்டிப் பார்த்திருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது. இந்தியக் குடியுரிமை, 21 வயது, சட்டப் பட்டம் இருந்தால் மாநில பார் கவுன்சிலில் பதிவு. தேர்வு அதற்கு அப்புறம். இப்போதைய பிள்ளைகள் எல்லாவற்றையும் கேட்டே தெரிந்துகொள்ளப் பார்க்கிறார்கள்.

நாங்குநேரிக்காரன்:
2023ல் முடித்தேன், மூன்று வருஷப் படிப்பு. பதிவு இன்னும் செய்யவில்லை. பி.ஏ. தபால் வழிதான், ஆனால் பிளஸ் டூ ரெகுலர். பாஸானால்தான் பதிவு என்று எங்கள் பேட்ச்சில் எல்லோரும் சொன்னார்கள்.

பாளை ஜூனியர்:
அது அமெரிக்காவில். அங்கே பெரும்பாலும் தேர்வு தேறிய பிறகுதான் அனுமதி. இங்கே முதலில் சென்னையில் உள்ள தமிழ்நாடு, புதுச்சேரி பார் கவுன்சிலில் பதிவு, அதில்தான் அந்த என்ரோல்மென்ட் நம்பர் கிடைக்கும், அப்புறம் தேர்வு. பதிவானதிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் தேற வேண்டும், தேறினால் தொழில் செய்யும் சான்றிதழ். இறுதி செமஸ்டர் மாணவர்களை எழுத விடச் சொல்லி 2024ல் உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டது. நீங்கள் படித்து முடித்தவர், உங்களுக்கு அது பொருந்தாது.

கடையம் சாரல் சொன்னதில் ஒரு திருத்தம். பிளஸ் டூ படிக்காமல் நேரே திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கியவர்களுக்குத்தான் சிக்கல். 2008 சட்டக் கல்வி விதிகளில் இருக்கிறது. உங்களுக்குப் பயம் வேண்டாம்.

தேர்வைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 100 கேள்வி, தப்புக்கு மார்க் குறைக்க மாட்டார்கள். தேற, பொதுப்பிரிவுக்கு 45 சதவீதம், பட்டியல் வகுப்பினருக்கு 40. தமிழிலும் எழுதலாம். பேர் ஆக்ட், அதாவது விளக்கவுரை இல்லாத வெறும் சட்டப் புத்தகம், கொண்டுபோகலாம், குறிப்பு எதுவும் எழுதாத சுத்தமான புத்தகமாக இருக்கட்டும். ஐ.பி.சி. என்கிற பழைய தண்டனைச் சட்டப் பழக்கத்தில் படிக்காதீர்கள், 2024 ஜூலையிலிருந்து அதற்குப் பதில் பாரதிய நியாய சன்ஹிதா.

கடையம் சாரல்:
பதிவுக்கே முப்பதாயிரம் வேண்டுமாமே?

பாளை ஜூனியர்:
அது பழைய கதை. 2024 ஜூலை 30ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லிவிட்டது. பொதுப்பிரிவுக்கு 750, பட்டியல் வகுப்பினருக்கு 125, அதற்கு மேல் பதிவுக் கட்டணம் கேட்கக் கூடாது. முத்திரைத்தாள் செலவு தனி.

தாழையூத்து:
கட்டணம் குறைந்து என்ன? ஜூனியராகச் சேர்ந்தால் சோற்றுக்கு வழி? 2024 ஜூனில் உயர் நீதிமன்றம் ஜூனியர்களுக்கு மாத உதவித்தொகையாக சென்னை, மதுரை, கோவைக்கு இருபதாயிரம், மற்ற மாவட்டங்களுக்குப் பதினைந்தாயிரம் என்று சொன்னது. நெல்லையில் எத்தனை சீனியர் கொடுக்கிறார்கள்?

முன்சீப் கோர்ட் வாசல்:
நாங்கள் சீனியர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து தொழில் படித்தவர்கள். பணம் பிறகு வரும்.

பாளை ஜூனியர்:
சார், மரியாதையோடு சொல்கிறேன். அம்பாசமுத்திரத்திலிருந்து காலையில் பஸ் ஏறி வந்து, பத்துக் கேஸ் கட்டைச் சுமந்து, மூன்று கோர்ட்டில் வாய்தா வாங்கிவிட்டு, மத்தியானம் டீயும் வடையுமாக ஓட்டுகிற பெண்பிள்ளை எங்கள் ஆபீசிலேயே இருக்கிறாள். வீட்டில் வசதி இல்லாதவர்கள் இரண்டு வருஷத்தில் தொழிலை விட்டுப் போய்விடுகிறார்கள். போவதில் பாதிப் பேர் நல்ல மூளை. உத்தரவைப் பார் அசோசியேஷன் நோட்டீஸ் போர்டில் ஒட்டினால் மட்டும் போதாது.

முன்சீப் கோர்ட் வாசல்:
என் ஜூனியர்களுக்கு நான் கொடுக்கிறேன். எல்லா சீனியருக்கும் வரும்படி ஒன்றா?

தாழையூத்து:
கேட்டவர் எங்கே போனார்?

நாங்குநேரிக்காரன்:
இருக்கிறேன். தனியார் பைனான்ஸ் கம்பெனியில் வேலை. அதை விடாமலே பதிவு செய்யலாமா?

முன்சீப் கோர்ட் வாசல்:
இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், தம்பி. முழுநேரச் சம்பள வேலையில் இருந்துகொண்டு வக்கீலாகத் தொழில் செய்ய முடியாது. பார் கவுன்சில் ஆப் இந்தியா விதி 49. வேலையை விட்டதற்கான கடிதம் வாங்கி வைத்துக்கொள். பதிவுக்குப் போலீஸ் விசாரணையும் உண்டு, அதற்கும் நாள் பிடிக்கும், இப்போதே ஆரம்பி. சீனியர் கிடைக்காவிட்டால் எனக்குத் தனிச்செய்தி அனுப்பு.

நாங்குநேரிக்காரன்:
நன்றி சார், நன்றி எல்லோருக்கும். மேனேஜரிடம் பேசிவிட்டேன், மாதக் கடைசியில் விடுவிப்பதாகச் சொன்னார். இந்தத் தடவை தேர்வு இல்லை, அடுத்ததற்கு எழுதுகிறேன்.