மனுசி காணாமல் போன அந்தத் திரில்லர்: 300 பக்கம் ஏமாத்தினவங்கள்

வெள்ளவத்தை வாசகன்:
வாசிக்காத ஆக்கள் இருப்பினம், அதால பேர் சொல்லேல்ல. கொழும்பு பிஎம்ஐசிஎச் மண்டபத்துப் புத்தகக் கண்காட்சியில வாங்கின இங்கிலீஷ் நாவல், வாசிச்சா நித்திரை வராது எண்டு பின்னட்டையில போட்டிருக்கு, எனக்கு 50ஆம் பக்கத்திலயே வந்திட்டுது. இங்கிலாந்தில ஒரு கடற்கரை ஊர், மனுசி காணாமல் போறா, புருசன்தான் கதை சொல்றான். 300 பக்கமா அழுறான், தேடுறான், நடுச்சாமத்தில தனிய எழும்பி அவவின்ர சால்வையை மணந்து பாக்கிறான். கடைசியில பாத்தா கொண்டதே அவன்தானாம். அப்ப தனிய இருந்து ஆருக்கு நடிச்சவன், எனக்கோ?

கொட்டாஞ்சேனை அக்கா:
ஐயோ அண்ணா அதுதானே திரில்லர்! கள்ளன் கதை சொன்னா பொய்தான் சொல்லுவான். நான் பஸ்ஸுல வாசிச்சுட்டே போய் இறங்குற ஹோல்ட்டையே விட்டுட்டேன். அகதா கிறிஸ்டி 1926லயே செஞ்ச வேலை இது, அத மட்டும் எல்லாரும் தலையில தூக்கி வச்சு ஆடுறீங்க.

வெள்ளவத்தை வாசகன்:
நீங்கள் அவவின்ர ரோஜர் அக்ரோய்ட் கொலை நாவலைச் சொல்றீங்கள். அதை வடிவாத் திருப்பிப் பாருங்கோ. கடிதம் வாறது 8.40க்கு, கதை சொல்ற டொக்டர் அறையை விட்டு வாறது 8.50க்கு. இடையில என்ன நடந்தது எண்டு அந்தாள் சொல்லேல்ல, அவ்வளவுதான். சொன்ன வரியில பொய் இல்லை. மறைக்கிறது வேற, புளுகிறது வேற.

பம்பலப்பிட்டிப் பொடியன்:
அண்ணை இப்பதான் லைப்ரரியில அதை எடுத்துக்கொண்டு வந்தனான்!!! நல்லா இருப்பீங்கள்.

வெள்ளவத்தை வாசகன்:
தம்பி மன்னிச்சுக்கொள்ளும். ஆனா 1926 புத்தகமப்பா.

இன்சூரன்ஸ்காரன்:
எனக்கு ட்விஸ்ட் பிரச்சினை இல்லை, காசுதான் பிரச்சினை. பொடி கிடைக்கேல்ல, 3 மாசத்தில ஆயுள் காப்புறுதிக் காசு பாங்குக்கு வருதாம். எந்தக் கொம்பனியப்பா அது, நானும் போய்ச் சேருறன். இங்கிலாந்தில 2013ல வந்த சட்டப்படி 7 வருசம் ஒரு தகவலும் இல்லாட்டித்தான் கோர்ட் இறந்தவர் எண்டு அறிவிக்கும். எங்கட சட்டத்திலயும் பொதுவா 7 வருசம்தான்.

கொட்டாஞ்சேனை அக்கா:
பாதி சொல்லாதீங்க. செத்துட்டாங்கன்னு கோர்ட் நம்பினா 7 வருசம் காக்கத் தேவையில்ல, அதுவும் அந்தச் சட்டத்துலதான் இருக்கு.

இன்சூரன்ஸ்காரன்:
சரி, இருக்கு. அப்ப கோர்ட் எங்க? ஒரு பக்கமாவது எழுதியிருக்கலாமே, நேர செக்தான் வருது.

கொட்டாஞ்சேனை அக்கா:
நெசத்துல நடக்குறது மட்டும் நம்புற மாதிரியா இருக்கு? அதே 1926 டிசம்பர்ல கிறிஸ்டியே 11 நாள் காணாமப் போனாங்க. காரு சர்ரேல கிடந்துச்சு, பொலிஸ் புருசனச் சந்தேகப்பட்டுச்சு, கடைசில பாத்தா ஹாரோகேட்ல ஒரு ஹோட்டல்ல புருசனோட காதலி குடும்பப் பேர்ல தங்கி இருந்தாங்க. இத நாவலா எழுதியிருந்தா நீங்க ரெண்டு பேரும் சும்மா விட்டிருப்பீங்களா?

வன்னியாள்:
இப்ப தெகிவளையில இருக்கிறன், நானும் வாசிச்சனான். 3ஆம் கிழமையே அவன் மனுசியின்ர உடுப்பெல்லாம் கட்டி ஆருக்கோ குடுக்கிறான், ஞாபகம் இருக்கோ? எங்கட அன்ரி 2009ல சண்டை முடியேக்க மாமா காணாமல் போனாப் பிறகு அவரின்ர சாரத்தைத் தோய்க்கக்கூட விடேல்ல. 2017 மாசியில கிளிநொச்சியில காணாமல் போன ஆக்களின்ர குடும்பங்கள் போராட்டம் தொடங்கேக்க அவவும் படத்தோட போய் இருந்தவ. வரும் எண்டு பாத்துக்கொண்டு இருக்கிற ஆக்கள் உடுப்பைக் குடுக்க மாட்டினம். அந்த இடத்திலயே எனக்கு விளங்கீட்டுது, இவனுக்கு அவ வரமாட்டா எண்டு தெரியும். பிறகு என்ன திரில், சும்மா பக்கம் திருப்பினதுதான்.

கொட்டாஞ்சேனை அக்கா:
பாத்தீங்களா அண்ணா, க்ளூ இருந்திருக்கு! நீங்கதான் கவனிக்கல.

வெள்ளவத்தை வாசகன்:
ம்ம். அந்த இடம் வாசிச்சனான், ஆள் மனமுடைஞ்சு செய்யிறான் எண்டு விட்டிட்டன். சரி, க்ளூ இருந்தது, அது என்ர பிழை. ஆனா உடுப்பெல்லாம் குடுத்தவன் சால்வையை மட்டும் ஏன் வச்சிருந்தவன்? ஒருத்தரும் பாக்காத நேரம் ஏன் மணந்தவன்?

கொட்டாஞ்சேனை அக்கா:
கொன்னவன் மணக்க மாட்டான்னு யாரு சொன்னா?

வெள்ளவத்தை வாசகன்:
இரவைக்கு அந்த அதிகாரத்தைத் திருப்பி வாசிச்சிட்டு வாறன். பொடியன், முடிஞ்சாப் பிறகு புத்தகம் வேணுமெண்டா சொல்லும், சும்மா தாறன்.