ரப்பர் மரத்துப் பாலில் எவ்வளவு ரப்பர்? தோட்டத்தில் அளந்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்

சுங்கை சிப்புட் வாசி:
மகளுக்கு முதலாம் படிவ அறிவியலில் பொருண்மை, கன அளவு, அடர்த்தி என்று பாடம் ஓடுகிறது. சூத்திரத்தைக் கடகடவென்று ஒப்பிக்கிறாள்; இது எதற்கு உதவும் என்று கேட்டால் முழிக்கிறாள். நம் பக்கத்துத் தோட்டங்களில் வேலை பார்த்தவர்கள் இதையெல்லாம் கையால் அளந்திருப்பீர்களே, கொஞ்சம் எழுதுங்களேன். அவளிடம் காட்டுகிறேன்.

பழைய கிராணி:
பால் ஸ்டோரில் தராசுக்குப் பக்கத்திலேயே காலம் ஓட்டியவன் நான். காண்டாவில், அதாவது தோளில் சுமக்கும் காவடித் தடியில், பால் வந்ததும் வாளியோடு நிறுத்து, வாளி எடையைக் கழிப்போம். அதோடு விட்டால் ஏமாந்தோம். பாலில் நூற்றுக்கு 30 முதல் 40 பங்குதான் ரப்பர், மற்றது பெரும்பாலும் தண்ணீர். மரத்தில் பால் வடியும் கிண்ணமான மங்கில் மழை விழுந்தாலும் எடை ஏறும், ஓடைத் தண்ணீரைக் கலந்தாலும் ஏறும். கலந்தவர்களும் உண்டு. எனக்கு அவர்கள்மேல் பெரிய கோபமில்லை, சம்பளம் அந்த லட்சணத்தில் இருந்தது.

இதைக் கண்டுபிடிக்கத்தான் மெட்ரோலாக், பாலில் மிதக்கவிட்டு அடர்த்தி பார்க்கும் கருவி. அடியில் குண்டு, மேலே கோடு போட்ட மெல்லிய தண்டு, அவ்வளவுதான். ரப்பர் தண்ணீரைவிட லேசு. ஒரு மில்லிலிட்டர் சுமார் 0.92 கிராம். நல்ல பால் 0.97, 0.98 பக்கம் நிற்கும். ரப்பர் கூடக் கூடப் பால் லேசாகும், மெட்ரோலாக் ஆழமாக இறங்கும். தண்ணீர் கலந்த பாலில் கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்கும்.

வித்தியாசம் புள்ளிக்குப் பின்னால் இரண்டாவது மூன்றாவது எண்ணில்தான் தெரியும், அதனால் கை பதமாக இருக்க வேண்டும். பாலை அளவான தண்ணீரில் கரைத்து, ஜாடியில் ஊற்றி, நுரையை வழித்துவிட்டுத்தான் கருவியை இறக்குவோம். தண்டு சுவரில் ஒட்டினால் கதை கெட்டது. பாலுக்குள் ஒன்றும் தெரியாது என்பதால் மேல்மட்டம் எந்தக் கோட்டில் படுகிறதோ அதைத்தான் படிக்க வேண்டும். வெயிலில் சூடேறிய பால் வேறு எண் காட்டும்.

சரி, பாப்பாவுக்கு ஒரு கணக்கு. 10 கிலோ பாலில் 35 சதவீதம் ரப்பர் என்றால் 3.5 கிலோ. அதில் 2 லிட்டர் தண்ணீர் ஊற்றினால் 12 கிலோ ஆகும், ஆனால் சதவீதம் 29 சொச்சத்துக்கு இறங்கிவிடும். பெருக்கிப் பார்த்தால் அதே 3.5தான். காசு உலர்ந்த ரப்பருக்கு என்றால், தண்ணீரைச் சுமந்தவருக்குத் தோள்வலிதான் மிச்சம்.

பகாவ்காரன்:
ஐயா சொல்வது கிலோ காலம். எங்கள் அப்பா கடைசிவரை காத்தி என்ற பழைய எடைக் கணக்கில்தான் பேசினார். 16 தாயில் ஒரு காத்தி, அதாவது சுமார் 605 கிராம். 100 காத்தி ஒரு பிக்குல். மீன்காரர் தாச்சிங் என்ற கைத்தராசின் கோலைத் தூக்கும்போது அப்பாவின் கண் மீனில் இருக்காது, கோலில் இருக்கும்.

செம்பனை ஆலை வேலை:
எங்களிடம் லோரி எடை ஒரு பக்கம், எண்ணெய்த் தொட்டி இன்னொரு பக்கம். லோரியைப் பழத்தோடு ஒருமுறை, வெறுமையாக ஒருமுறை நிறுத்தால் முடிந்தது. தொட்டியை யார் தராசில் ஏற்றுவது? மேலே ஏறி, நாடாவை இறக்கி, எண்ணெய் எவ்வளவு உயரம் என்று அளப்போம். உயரத்திலிருந்து கன அளவு வரும், அதை அடர்த்தியால் பெருக்கினால் டன் வரும். சிக்கல் என்னவென்றால் எண்ணெய் சூட்டில் விரியும். 50 பாகையில் அடர்த்தி சுமார் 0.89. வெப்பநிலையை 5 பாகை தவறாக எழுதினால் 1000 டன்னுக்குக் கிட்டத்தட்ட 4 டன் கணக்கில் இடிக்கும். அதனால் நாடாவோடு வெப்பமானியும் மேலே போகும், மழையானாலும் சரி.

தமிழ்ப்பள்ளி டீச்சர்:
பிள்ளைகளிடம் ஒட்டுப்பால் கட்டியை, அதாவது உறைந்து காய்ந்த ரப்பர் பாலை, கொடுத்துக் கன அளவு கேட்டுப் பாருங்கள். கல்லைப் போட்டால் நீர்மட்டம் ஏறும், எத்தனை மில்லிலிட்டர் ஏறியதோ அதுதான் கல்லின் கன அளவு. ஒட்டுப்பாலோ மிதக்கும்! முதலில் கல்லை மட்டும் முக்கி மட்டத்தைக் குறித்துக்கொண்டு, அப்புறம் அதே கல்லை ஒட்டுப்பாலோடு கட்டி முக்க வேண்டும். இரண்டு மட்டத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் விடை. கட்டியில் காற்றுக்குமிழி ஒட்டியிருந்தால் துடைத்துவிடுங்கள், அதுவும் இடத்தை அடைக்கும்.

சுங்கை சிப்புட் வாசி:
நன்றி டீச்சர். கிராணி ஐயா, மெட்ரோலாக்குக்கு நான் எங்கே போவேன்? வீட்டில் வேறு எதையாவது வைத்துக் காட்ட முடியுமா?

பழைய கிராணி:
முடியும் தம்பி. ஸ்ட்ராவின் அடியைப் பிளாஸ்டிசினால் அடைத்து, உயரமான கிளாஸில் மிதக்க விடுங்கள். சாய்ந்தால் பிளாஸ்டிசினைக் கூட்டுங்கள், முழுகினால் குறையுங்கள். தண்ணீரில் ஒரு கோடு, உப்புத் தண்ணீரில் ஒரு கோடு, தேங்காய் எண்ணெயில் ஒரு கோடு. எண்ணெய்க் கோடு மற்ற இரண்டுக்கும் மேலே விழும். தேங்காய் எண்ணெயும் ரப்பர் போலவே 0.92 பக்கம்தான். எண்ணெயில் போடுவதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் கோடு போடும் பேனா பிடிக்காது.