வடக்கு தெற்கு மாறப்போகிறதா? வாசக்கால் வைத்தபோது வந்த சந்தேகம்

கேள்வி: கடைமடைக்காரன், மன்னார்குடி பக்கம்

வணக்கம். வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம், போன வெள்ளிக்கிழமை வாசக்கால் நிறுத்தினோம். கிழக்குப் பார்த்த வாசல். கொத்தனார் தன் அப்பா காலத்துப் பித்தளைத் திசைகாட்டியைப் படியில் வைத்துப் பார்த்தார், நான் போனில் பார்த்தேன், இரண்டுக்கும் 14 பாகை வித்தியாசம். போனை நாலு அடி தள்ளிப் பிடித்தால் அது வேறு ஒன்று சொல்கிறது. பக்கத்தில் நின்ற ஒருவர், "பூமியோட காந்தம் குறைஞ்சுகிட்டே வருதுங்க, வடக்கும் தெற்கும் மாறப்போகுது, அதான்" என்றார். ஒன்பதாவது படிக்கிற என் மகள் அதைக் கேட்டுவிட்டு வீடியோக்களாகப் பார்த்திருக்கிறாள். காந்தம் போனால் காற்று மண்டலமே பறந்துவிடும், உயிர் ஒன்றும் மிஞ்சாது என்று அதில் சொல்கிறார்களாம். இரண்டு நாளாகச் சரியாகத் தூங்கவில்லை. "அப்புறம் வீடு எதுக்குப்பா?" என்று கேட்டாள், எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. விஷயம் தெரிந்தவர்கள் விளக்குங்கள். சும்மா சமாதானம் சொன்னால் கண்டுபிடித்துவிடுவாள், உண்மையே வேண்டும்.

பதில் 1: சங்கிலிக்காரர், திருவாரூர்

முதலில் அந்த 14 பாகை. வாசக்காலுக்குப் பக்கத்தில் பில்லர் கம்பி நிற்குமே, அதுதான் காரணம். போனுக்குள் இருப்பது காந்தத்தை உணர்கிற ஒரு சின்னச் சில்லு, பக்கத்தில் இரும்பு இருந்தால் குழம்பிவிடும். போன் உறையில் காந்தப் பூட்டு இருந்தாலும் இதே கதை. உறையைக் கழற்றிவிட்டு, கட்டடத்தை விட்டு ஒரு இருபது முப்பது அடி தள்ளி, களத்துமேட்டில் நின்று, போனை 8 போடுவதுபோல் நாலைந்து தடவை சுழற்றிவிட்டுப் பாருங்கள். நம் டெல்டாவில் காந்த வடக்குக்கும் உண்மையான வடக்குக்கும் சுமார் 2 பாகைதான் வித்தியாசம். வாசக்காலை அசைக்க வேண்டாம்.

பதில் 2: நிலவியல் வாத்தியார், கும்பகோணம்

பாப்பாவிடம் இதைப் படித்துக் காட்டுங்கள் சார்.

காந்தப்புலம் குறைந்து வருவது உண்மை. 1830களில் ஜெர்மனியில் காஸ் என்ற கணித மேதை அதன் வலிமையை அளக்க வழி கண்டார், அதற்கப்புறம் இன்றுவரை சுமார் 9 சதவீதம் குறைந்திருக்கிறது. நம் நாட்டிலும் 1841 முதல் பம்பாய் கொலாபாவில் அளந்து வந்தார்கள், ஊருக்குள் மின்சார டிராம் வந்தால் அளவு கெடும் என்று 1904இல் நிலையத்தையே அலிபாகுக்கு மாற்றிக்கொண்டு போனார்கள். அவ்வளவு அக்கறையாகப் பார்த்துவந்த கணக்கு இது. வட காந்த முனையும் நகர்கிறது. 1831இல் கனடாவில் கண்டுபிடித்தார்கள், இப்போது சைபீரியாவை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது.

காரணம் நம் காலுக்குக் கீழே 2,900 கிலோமீட்டரில் இருக்கிறது. அங்கே உருகிய இரும்பு சுழன்று சுழன்று ஓடுகிறது, அந்த ஓட்டம்தான் மின்சாரத்தையும் காந்தத்தையும் உண்டாக்குகிறது. ஆற்றில் சுழி இடம் மாறுவதுபோல அந்த ஓட்டமும் மாறும், காந்தமும் கூடும், குறையும், சில சமயம் தலைகீழாகவே திரும்பும். கடைசியாக முழுசாகத் திரும்பியது சுமார் 7,80,000 ஆண்டுகளுக்கு முன்பு. திரும்பி முடிய ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகும். திரும்புவது காந்தம் மட்டும்தான், பூமி கவிழ்ந்துவிடாது, காவிரி கிழக்கேதான் ஓடும். அதோடு, குறைந்தால் கட்டாயம் திரும்பியே தீரும் என்றும் இல்லை. சுமார் 41,000 ஆண்டுகளுக்கு முன்பு புலம் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய், கொஞ்ச காலம் திசைமாறி, பழையபடி மீண்டது. அப்போதும் மனிதர்கள் வாழ்ந்துகொண்டுதான் இருந்தார்கள்.

காற்று பறந்துவிடும் என்பது தவறு. வெள்ளிக் கிரகத்துக்குச் சொந்தக் காந்தப்புலமே கிடையாது, ஆனால் அங்கே காற்றழுத்தம் பூமியைப்போல் 90 மடங்கு. நம் தலைக்கு மேலுள்ள காற்றின் எடை சுமார் 10 மீட்டர் ஆழத் தண்ணீருக்குச் சமம். விண்வெளியிலிருந்து வருகிற கதிர்களைத் தடுக்கிற பெரிய வேலையை அதுதான் செய்கிறது.

கவலைப்பட வேண்டியது செயற்கைக்கோளுக்கும் மின்கம்பிக்கும்தான். பிரேசிலுக்கும் தென் ஆப்பிரிக்காவுக்கும் நடுவே கடல்மேல் புலம் ஏற்கெனவே நலிந்திருக்கிறது, ஹபிள் தொலைநோக்கி அந்த இடத்தைக் கடக்கும்போது படம் எடுப்பதை நிறுத்திவைக்கிறார்கள். 1989 மார்ச்சில் சூரியப் புயலால் கனடாவின் கியூபெக்கில் 60 லட்சம் பேருக்கு ஒன்பது மணி நேரம் மின்சாரம் இல்லை. புலம் நலிந்தால் இந்த மாதிரி அடி கூடும். கஜா புயல் வருகிறது என்று நமக்கு முன்னாலேயே சொன்னது செயற்கைக்கோள் படம். அந்தக் கண்ணைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும், அதற்கான வேலை நடக்கிறது.

பதில் 3: காளவாய், குடவாசல்

வாத்தியார் ஐயா, ஏழு லட்சம் வருசத்துக்கு முன்னால் யார் திசைகாட்டி வைத்துப் பார்த்தார்கள்? இது எப்படித் தெரியும்? நிசமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

பதில் 4: நிலவியல் வாத்தியார், கும்பகோணம்

உங்கள் தொழிலிலேயே விடை இருக்கிறது ஐயா. செங்கல் சிவப்பது மண்ணிலுள்ள இரும்பால். காளவாயில் சூடு 600, 700 பாகையைத் தாண்டும்போது அந்த இரும்புத் துகள்கள் காந்தத்தை இழந்துவிடும். நெருப்பு அணைந்து கல் ஆறும்போது அன்றைக்குப் பூமியின் காந்தம் எந்தப் பக்கம் இருந்ததோ அதையே பிடித்துக்கொண்டு உறைந்துவிடும். நீங்கள் பிரிக்கிற ஒவ்வொரு கல்லிலும் சுட்ட நாளின் வடக்கு இருக்கிறது. கல்லை எடுத்துச் சுவரில் வைத்தால் திசை போய்விடும், ஆனால் புலத்தின் வலிமை கல்லுக்குள் இருக்கும். அசையாமல் கிடக்கிற காளவாய்த் தரையில் திசையும் கிடைக்கும்.

1906இல் பிரான்சில் பிரூன் என்பவர் பார்த்ததும் சுட்ட மண்தான். எரிமலைக் குழம்பு மேலே ஓடி வெந்துபோன களிமண், அதில் வடக்கு நேர் எதிராக இருந்தது. மேலிருந்த பாறையிலும் அப்படியே. நம் தக்காணத்துக் கரும்பாறையிலும் பெரும்பகுதி தலைகீழ்க் காந்தம்தான், வயது 6.6 கோடி ஆண்டு.

பதில் 5: உப்பளத்தான், வேதாரண்யம்

கோடியக்கரைக்கு வருகிற பறவைகளை நினைத்துதான் எனக்குக் கவலை இருந்தது, பறவைகளுக்குக் காந்தம் உணரத் தெரியும் என்கிறார்களே. ஆனால் எங்கள் கரையில் முட்டையிடுகிற பங்குனி ஆமையைப் பாருங்கள். கடலாமைக்கும் காந்தத்தை உணர்ந்து வழி பிடிக்கத் தெரியும். கடலாமை இனம் 10 கோடி ஆண்டுகளுக்கு மேலாக இருக்கிறது, கடந்த 8.3 கோடி ஆண்டில் மட்டும் காந்தம் 183 முறை திரும்பியிருக்கிறது. அத்தனையையும் தாண்டித்தான் அது இன்னும் கரையேறி வருகிறது. பாப்பாவை ஆமைக் குஞ்சு விடுகிற சமயத்தில் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

பதில் 6: கடைமடைக்காரன்

எல்லோருக்கும் நன்றி. களத்துமேட்டில் பார்த்தோம், போனும் பித்தளையும் ஒரு பாகைக்குள் ஒத்துப்போனது. வாத்தியார் எழுதியதை மகள் இரண்டு முறை படித்தாள். அப்புறம் பழைய ஸ்பீக்கர் காந்தத்தைப் பாலித்தீன் பையில் போட்டு ஆற்றுமணல் குவியலில் இழுத்துப் பார்த்தாள், கறுப்புத் துகள் மீசைமாதிரி ஒட்டிக்கொண்டு வந்தது. நேற்று நன்றாகத் தூங்கினாள். காலையில் எழுந்ததும் ஒரு கேள்வி: சுடாத மண், ஆறு கொண்டுவந்து படிய வைக்கிற வண்டல், அதிலும் வடக்கு இருக்குமா?

பதில் 7: நிலவியல் வாத்தியார், கும்பகோணம்

இருக்கும். அந்தக் கறுப்புத் துகள் தண்ணீரில் மெதுவாக இறங்கும்போது திசைகாட்டி முள்போலத் திரும்பிப் படியும், மேலே மண் விழுந்து அழுத்தியதும் அப்படியே நின்றுவிடும். கடலடிச் சேற்றைக் குழாய் குழாயாக எடுத்து லட்சக்கணக்கான ஆண்டுக் கணக்கை அப்படித்தான் படிக்கிறார்கள். ஓடுகிற ஆற்றுமணலில் துகள் புரண்டுபோகும், தேங்கின குளத்துச் சேற்றில் நன்றாக இருக்கும். அடுத்த வாரம் பாப்பா பள்ளி விடுமுறையில் இருந்தால் சொல்லுங்கள், வீட்டில் நுண்ணோக்கி இருக்கிறது, அந்தத் துகளைப் பார்க்கலாம்.