'பெர்ஃபெக்ட் டென்ஸ்' – தமிழில் என்ன சொல்வது?

கடலூர் முதுநகர்:
பயிற்சித்தாள் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகணும். ஒரு சொல் இடிக்கிறது. 'ஹாவ்' அல்லது 'ஹாஸ்', அதோடு வினையின் மூன்றாம் வடிவம் வரும் காலத்தை ஸ்போக்கன் இங்கிலீஷ் புத்தகங்கள் 'நிகழ்கால வினைமுற்று' என்கின்றன. தமிழ் வகுப்பிலோ வந்தான், வருகிறான், வருவான் மூன்றுமே வினைமுற்று. பிள்ளைகள் எதை நம்புவார்கள்? புதுச்சொல் 'ஹாட்', 'வில் ஹாவ்' இரண்டுக்கும் பொருந்தணும். 'ஹாவ் பீன் ரைட்டிங்' வந்தாலும் உடையக்கூடாது.

நெல்லிக்குப்பம்:
'நிறைவு' போதுமே. நிகழ்கால நிறைவு, இறந்தகால நிறைவு, எதிர்கால நிறைவு. கடைசியாகக் கேட்டதற்கு 'நிகழ்கால நிறைவுத் தொடர்'.

வில்லியனூர்:
மொழிபெயர்ப்பு வாடை வீசுகிறது. 'ஐ ஹாவ் லிவ்ட் ஹியர் சின்ஸ் 2015' என்பவர் இன்னும் அங்கேதான் குடியிருக்கிறார், எது நிறைந்தது? வடிவம் நம்மிடமே இருக்கிறது ஐயா: வந்து + இரு. இருக்கிறான், இருந்தான், இருப்பான் என்று 'இரு'வை மட்டும் மாற்றினால் மூன்று காலமும் வந்துவிடும். 'இருப்பு நிகழ்காலம்' என்று வையுங்கள். நன்னூல் சொல்லும் நிகழ்கால இடைநிலை 'ஆநின்று'. உண்ணாநின்றான் என்பதில் 'நில்' ஒளிந்திருக்கிறதே. நிற்பதும் இருப்பதும் காலம் காட்டுவது நமக்குப் புதிதா?

புதுச்சேரி:
பிரெஞ்சு படிக்கும் பிள்ளைகளுக்கு 'இருப்பு' உடனே பிடிபடும். 'ஜெ ஸ்வி வெனு' என்பது சொல்லுக்குச் சொல் 'வந்து இருக்கிறேன்'தான். போதல், வருதல் போன்ற சில வினைகளுக்கு அங்கே 'இரு', மற்றவற்றுக்கு 'ஹாவ்' போன்ற துணைவினை. ஆனால் இதன் பெயர் 'பாஸே கொம்போஸே', கூட்டு இறந்தகாலம். நேற்று என்ற சொல் தாராளமாகச் சேரும். ஆங்கிலத்தில் சேராது.

கடலூர் முதுநகர்:
அங்கேதான் வழுக்குகிறார்கள். காலையில் வாசல் நனைந்து கிடந்தால் 'ராத்திரி மழை பெஞ்சிருக்கு' என்போம். பார்த்ததில்லை, ஊகம். அதை அப்படியே 'இட் ஹாஸ் ரெயின்ட் லாஸ்ட் நைட்' என்று எழுதிவிடுகிறார்கள். 'லாஸ்ட் நைட்' இருந்தால் வெறும் 'ரெயின்ட்'. 'இருப்பு' என்று பெயர் வைத்தால் 'பெஞ்சிருக்கு' எல்லாம் 'ஹாஸ்' ஆகிவிடும். நேர்மாறும் உண்டு: 'அஞ்சு வருஷமா வேலை பார்க்கிறேன்' என்பதில் 'இரு' கிடையாது, ஆங்கிலத்தில் 'ஹாவ் பீன் வொர்க்கிங்' வேண்டும். பிள்ளைகள் 'ஆம் வொர்க்கிங்' என்றே எழுதுகிறார்கள்.

சிதம்பரம்:
காலம் மாறுவதைத் தொல்காப்பியரே பார்த்துவிட்டார். சோற்றுக்குக் கூப்பிட்டால், கிளம்பாமலே 'இதோ வந்துட்டேன்' என்கிறோமே, அதைத்தான் 'விரைந்த பொருள' என்றார். நான் சொல்வது 'எச்சப்பயன்': வினை முடிந்தது, பயன் எஞ்சி நிற்கிறது.

நெல்லிக்குப்பம்:
எச்சம் ஏற்கெனவே வேறு வேலையில் இருக்கிறது ஐயா. பெயரெச்சம், வினையெச்சம் போதாதா? முற்றை விரட்டி எச்சத்தை உள்ளே விட்டால் குழப்பம் அதேதான்.

புதுச்சேரி:
எனக்கு 'நிறைவு' அரைமனசு. வேறு வழியில்லை, சரி.

கடலூர் முதுநகர்:
'நிறைவு' என்றே அனுப்புகிறேன். 'நிகழ்கால நிறைவு' என்ற பெயருக்குக் கீழே மட்டும் ஒரு கட்டம் போட்டு 'எஸ்டர்டே, லாஸ்ட் நைட், இன் 2015 சேராது. சின்ஸ், ஃபார், ஜஸ்ட், ஆல்ரெடி சேரும்' என்று போடுகிறேன்.

வில்லியனூர்:
எனக்குச் சம்மதமில்லை என்று பதிந்துகொள்ளுங்கள். அந்தப் பக்கத்தில் 'லிவ்ட் ஹியர் சின்ஸ் 2015' மட்டும் வேண்டாம். முதல் பெஞ்சே 'எது நிறைஞ்சது சார்?' என்று கேட்கும்.